கழுத்துறை

கைக்கு உறை, காலுக்கு உறை,
தலையணைக்குக்கூட உறை உண்டு தமிழில்.
இதற்கு மட்டும் பெயரில்லை.
இரண்டு பக்கமும் திறந்த துணிக்குழாய்,
தலை வழியே போட்டு
மூக்கின் பாதிவரை இழுத்துவிடுவது.
நானே வைத்தேன்: கழுத்துறை.
போனில் சொன்னதும் தம்பி கேட்டான்,
"களுத்துறைக்கு ஏனண்ணை போறாய்,
அங்க ஆரை உள்ள போட்டிருக்கு?"

லெங்க் கிராமத்துக்கு மேலே
சறுக்குமலையில்
இழுவைக் கம்பி எடுத்துக்கொடுப்பது என் வேலை.
ஒரு கம்பிக்கு இருவர்.
பின்புறம் வைத்துச் சாயலாம், உட்காரக் கூடாது.
ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பின்புறங்கள்,
ஊர்ஸ் கணக்குப் போட்டுச் சொன்னான்.
பரநிருபசிங்கம் என்ற ஒன்பது எழுத்தில்
முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு
மற்றதைத் திருப்பித் தந்தவன்.

காலையில் மைனஸ் பதினாலு.
தொப்பி, கண்ணாடி, கழுத்துறை.
இடையில் என் தோல் என்று காட்ட
ஒரு விரல் அகலம் இல்லை.
அப்போதெல்லாம் என்னோடு எல்லாரும்
பேர்ன் பேச்சில் அடித்து விடுகிறார்கள்:
பனி, வைக்கோல் விலை, மச்சானின் முழங்கால்.
பன்னிரண்டரைக்குச் சூப் குடிக்கத் துணியை இறக்கினால்
அதே ஆட்கள்
சொல் சொல்லாகப் பிரித்து
குழந்தைக்கு மீன்முள் எடுப்பதுபோல் ஊட்டுகிறார்கள்.
முள்ளோடு தின்னத் தெரியும் எனக்கு.
சொல்வதில்லை. சூப் ஆறிவிடும்.

தவறவிட்ட பொருள் பெட்டியில்
முப்பத்தொரு கழுத்துறைகள்.
மண்டையோடு, பூனை மீசை, வங்கி விளம்பரம்.
புலி முகம் போட்டது ஒன்று,
அதை அடியில் வைத்திருக்கிறேன்.
ஒற்றைக் கையுறையைத் தேடி வருவார்கள்,
இதைத் தேடி ஒருவரும் வந்ததில்லை.
ஞாயிறுகளில் அறுபது டிகிரியில் துவைத்து
மடிப்பதற்கு ஒன்றுமில்லாததால்
அடுக்கி வைக்கிறேன்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை
வாடகை உடுப்பில் ஒரு குடும்பம்.
அவள் கழுத்தில் நீளச் சால்வை,
சிவப்பு, நுனியெல்லாம் குஞ்சம்.
பலகையில் படம் போட்டிருக்கிறது:
சால்வை, அதன்மேல் குறுக்குக் கோடு.
ஒரு சுற்றுச் சிக்கினால்
கம்பி மேலே போகும், கழுத்தும் போகும்.
நுனி இல்லாத துணிக்குத்தான் இங்கே அனுமதி.
சைகையில் கழற்றச் சொல்லி
பெட்டியிலிருந்து பச்சையாய் ஒன்றை நீட்டினேன்.

"யாரு கழுத்துல கெடந்ததோ" என்றாள் கணவனிடம்.
கோயம்புத்தூர்த் தமிழ். காது இரண்டும் சுட்டன.
"பனியனை அறுத்த மாதிரி இருக்குதுங்க."
"போட்டுக்கோ. வெள்ளைக்காரன் மொறைக்கிறான்."

வெள்ளைக்காரன், நான்.
துணிக்குள்ளே சிரிப்பு ஏறி
மூச்சு கண்ணாடியில் படிந்து
ஐந்தாறு நொடி உலகமே பால்.
வந்த கம்பியைத் தடவித்தான் பிடித்தேன்.

சொல்லியிருக்கலாம்.
"துவைச்சதுதான் அக்கா" என்றால் போதும்.
பிறகு எந்த ஊர், எந்த வருஷம் வந்தீங்க,
அங்கே பிரச்சினையெல்லாம் முடிஞ்சுதா.
பின்னால் நாற்பது பேர் வரிசையில்.
அது காரணமா, சாட்டா,
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பையனுக்கு ஆறு வயது இருக்கும்.
என் வாய்க்கு நேரே துணி குலுங்குவதையே பார்த்தான்.
"அம்மா, இந்த அங்கிளுக்குத் தமிழ் தெரியுது."
"சும்மா இருடா அகரா, கம்பியப் புடி."
கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி
அவனுக்கு மட்டும் கண்ணடித்தேன்.
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்
பாதி மலையில் விழுந்தான்.
சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.
மலை முழுக்க ஆட்கள் அப்படியே நின்றார்கள்.
வாக்கிடாக்கியில் ஊர்ஸ்
என் இரண்டு எழுத்தையும் சொல்லிக் கத்தினான்.

நாலு மணிக்குப் பச்சைத் துணி திரும்பி வந்தது.
மூக்கு இருந்த இடத்தில் ஈரம்,
கொஞ்சம் உதட்டுச்சாயம்.
"டாங்கே" என்றாள்.
நான் சொன்னது
என் துணியைத் தாண்டவில்லை.
பையன் மட்டும் தலையாட்டினான்.

இரவு ஹீட்டர்மேல் இரண்டையும் போட்டேன்.
என்னுடையது தகரம்போல் விறைத்து
கழுத்தே இல்லாமல் நின்றது, வெகுநேரம்.
அந்தப் பையனை என்ன செய்தாய் என்று
ஊர்ஸ் கேட்டான்.
"மொறைச்சேன்" என்றேன், தமிழில்.
அவன் சரியென்று
விளக்கை அணைக்கப் போனான்.